சில்லா அறையில் இரண்டு குப்பிகள்

திங்கட்கிழமை காலை இன்குபேட்டருக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலை இனோபத்துடையது. முப்பத்தாறு வருஷத்தில் அதை அவள் யாரிடமும் விட்டதில்லை. அடித்தட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டத்தை அலுங்காமல் வெளியே இழுக்க வேண்டும். இழுத்த கையோடு கதவைச் சாத்த வேண்டும். பழைய தண்ணீரைக் கொட்டி, தட்டத்தைக் கொதிநீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ச்சி வடித்த வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். கதவு கூடுதலாகக் கொஞ்ச நேரம் திறந்திருந்தாலும் உள்ளே குப்பிகளில் வளரும் செல்களுக்குக் குளிர் தட்டிவிடும். பனிக்காலத்தில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சுறுசுறுப்பு அதற்கு வேண்டும்.

பெரிய அறையில் இரண்டு இன்குபேட்டர்கள். அவற்றை முடித்துக்கொண்டு நடையின் கோடியில் இருக்கும் சின்ன அறைக்குப் போனாள். அங்கே எப்போதும் கடைசியில்தான் போக வேண்டும். போய்விட்டு வந்து அன்றைக்குப் பெரிய அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் கிடந்த அறை. இப்போது கதவில் 'சில்லா' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் வெளியாள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற நாற்பது நாளுக்குத் தாஷ்கண்டில் அதுதான் பெயர்.

உள்ளே ஒரு பழைய இன்குபேட்டர், அதில் இரண்டே இரண்டு குப்பிகள். மொஹிரா ஒன்று, மொஹிரா இரண்டு என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள். முதல் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டாவதை. பிறகு மறுபடி முதலாவதை. தட்டத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

கண்ணாடிச் சாமான் கழுவத்தான் இருபத்திரண்டு வயதில் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள். பதிவேட்டில் இன்றைக்கும் உதவியாளர் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் செல்களுக்குச் சோறு போடுகிறவள் அவள்தான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பழைய ஊட்ட நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவாள். இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டால் பிரித்து வேறு குப்பியில் குடிவைப்பாள். மிஞ்சியதை நைட்ரஜன் தொட்டியில் உறைய வைப்பாள். ஆராய்ச்சி செய்ய வருகிற பிள்ளைகள் மூன்று வருஷம் இருப்பார்கள், பட்டம் வாங்குவார்கள், கல்யாணம் கட்டிக்கொண்டோ கொரியாவுக்கோ போய்விடுவார்கள். செல்கள் இருக்கும், அவள் இருப்பாள். இந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஐம்பத்தைந்தில் பென்ஷன் வந்தபிறகும் வருஷா வருஷம் டிசம்பரில் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து மருமகள் செய்கிற வேலையில் நொட்டை சொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவள் எண்ணம். மருமகளுக்கும் அதே எண்ணம்தான்.

அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. குப்பி மூடி திறந்திருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. கண்ணாடித் தடுப்பு போட்ட ஹூட்டுக்குள் கையை விட்டு உட்கார்ந்துவிட்டால் கட்டடமே தீப்பற்றினாலும் மூடியைப் போட்ட பிறகுதான் பேச்சு. மனிதர் வாயில் இருக்கிற அத்தனையும் எச்சில் தூசியோடு வெளியே வரும். நமக்கு அது ஒன்றும் செய்யாது, செல்லுக்கு அது எமன். இந்தப் பழக்கம் அவளுக்கு எலும்பில் ஊறிவிட்டது. வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறந்தால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவள் புருஷன் தாலிப், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர், அவளிடம் எதையாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தால் ஜாடியைக் கொண்டுவந்து, “இதைக் கொஞ்சம் திற” என்று கொடுத்துவிட்டு ஆரம்பிப்பார். இரண்டு தடவை கார் வாங்கிய சேதி அவளுக்கு அப்படித்தான் வந்தது.

சில்லா அறை வந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். அப்போது தலைமையில் இருந்தவர் ஸுஹ்ரா தோம்லா. படித்தவர்களை அங்கே தோம்லா என்பார்கள். வேறொரு ஊரிலிருந்து வந்த ஒரு குப்பியை நேரே பெரிய அறைக்குள் வைத்தார்கள். அதில் மைக்கோபிளாஸ்மா இருந்தது. அந்தக் கிருமி ஊட்ட நீரைக் கலங்கவும் வைக்காது, செல்லைச் சட்டென்று கொல்லவும் கொல்லாது. சும்மா கூடவே குடியிருந்து தின்றுகொண்டிருக்கும். செல் மந்தமாகும். ஆராய்ச்சியில் வருகிற முடிவெல்லாம் பொய்யாகும். மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தபோது அறையில் ஒரு குப்பி மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவியவள் இனோபத். கழுவிக்கொண்டே, மனிதக் குழந்தைக்கே நாற்பது நாள் வைக்கிறோம், ஊர்பேர் தெரியாத குப்பியை அன்றைக்கே நடுவீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே என்று கேட்டாள். ஸுஹ்ரா தோம்லா அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார். புத்தகத்தில் இரண்டு மூன்று வாரம் போதும் என்றுதான் இருக்கிறது. இங்கே மட்டும் நாற்பது. பதினாலாம் நாள் ஒரு சோதனை, முப்பத்தெட்டாம் நாள் ஒரு சோதனை.

அந்த இரண்டு குப்பிகளும் வந்த கதை இது. அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோகண்டிலிருந்து ஸும்ரத் என்கிற பெண், ஒன்பது வயது மகள் மொஹிராவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்திருந்தாள். மொஹிராவுக்குத் தசையில் பலமில்லை. மாடிப்படி ஏற முடியாது. நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து மருத்துவமனையில் அவள் கையிலிருந்து பயறு அளவு தோலை எடுத்து ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். எடுக்கும்போது பிள்ளை போட்ட கூச்சலில், இனி ஒருதரம் இதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்று ஸும்ரத் சொல்லிவிட்டாள். தோல் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இனோபத்தின் பின்னாலேயே அறைவரை வந்துவிட்டாள். கையில் துணியில் சுற்றிய பத்தீர் ரொட்டி. வெளியாள் உள்ளே வரக்கூடாதுதான். ரொட்டியோடு வந்தவளை எப்படிப் போகச் சொல்வது.

இனோபத் ஹூட்டின் முன்னால் உட்கார்ந்து, தோலை ஐந்து துணுக்காக நறுக்கி, மூன்றை ஒரு தட்டிலும் இரண்டை இன்னொரு தட்டிலும் போட்டு மூடினாள். மூடிய பிறகுதான் பேசினாள். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று ஸும்ரத் கேட்டதற்குத் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள்.

“செல்லுக்குள்ள அடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கு, மைட்டோகாண்ட்ரியான்னு. உன் பொண்ணுக்கு அந்த அடுப்பெல்லாம் எரியாம புகையுது. நல்ல செல் ஒண்ணைப் பக்கத்துல குடிவெச்சா, அது நூல் மாதிரி ஒரு குழாயை நீட்டி, தன்னோட அடுப்புல ரெண்டைத் தள்ளிவிடுது. நானே கண்ணால பாத்தேன், சாயம் போட்டதும் பச்சைப் பச்சையா நகருது. அதை இன்னும் தாராளமா குடுக்க வைக்க என்ன பண்ணலாம்னு பாக்கறாங்க.”

“சுவத்து மேல பக்கத்து வீட்டுக்குத் தட்டு நீட்டற மாதிரி” என்றாள் ஸும்ரத். பிறகு, “தட்டு வெறுமையாவா திரும்பி வருது?”

இதே கேள்வியை இனோபத்தும் கேட்டிருந்தாள். உடைந்த அடுப்புகள் சில திரும்பி வருவதாகவும், வாங்கிக்கொண்ட செல் அவற்றைக் கரைத்துவிடுவதாகவும் பதில் வந்திருந்தது. அதைச் சொன்னாள். வெறும் தட்டு வரவில்லையே, அதுவே மரியாதைதான் என்று ஸும்ரத் திருப்திப்பட்டுக்கொண்டாள். இதனால் மொஹிரா நடப்பாளா என்று அடுத்துக் கேட்டாள். இவளுக்கு என்று சொல்ல முடியாது, சொன்னால் பொய் என்றாள் இனோபத். ஸும்ரத் தட்டுப் பக்கம் குனிந்தாள்.

“அப்ப ஓபாஜான், ஒரு தடவை ஓதி ஊதிடுங்க. கண்ணுபடாம இருக்கட்டும்.”

ஓபா என்றால் அக்கா. அந்தக் கட்டடத்தில் தலைவர் முதல் காவல்காரர் வரை அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் கூப்பிட்ட விதம் வேறாக இருந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும், இரவில் வீறிட்டாலும், இனோபத் நாலு வரி ஓதி நெற்றியில் 'ஃபூ' என்று ஊதுவாள். ஊரில் எல்லாரும் செய்வதுதான். கை தானாகப் போய்விட்டது. முதல் தட்டை ஹூட்டின் விளிம்புவரை இழுத்து, மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, வாய்க்குள்ளேயே ஓதி, மூன்று தரம் ஊதிவிட்டு மூடினாள். மூடின பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. இரண்டாவது தட்டை அவள் தொடவில்லை. ஸும்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினாலாம் நாள் சோதனையில் இரண்டும் சுத்தம் என்று வந்தது. இனோபத் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். துணுக்குகளைச் சுற்றிச் செல்கள் முளைத்து, பரவி, தட்டு ஒன்றுக்குக் குப்பி ஒன்றாக அதே வரிசையில் மாறின. பிறகு அதைப்பற்றி அவள் நினைக்கவே இல்லை, இந்தத் திங்கட்கிழமை வரை.

ஊட்ட நீர் ஊற்றும்போது இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று கழிக்கக் கழிக்கப் புளிப்பேறி மஞ்சளுக்குப் போகும். மொஹிராவின் செல்களுக்கு அடுப்புச் சரியில்லை. சர்க்கரையை அரைகுறையாக எரித்துப் புளிப்பைத்தான் கக்கும். அதனால் மற்றவர்கள் செல்லைவிடச் சீக்கிரம் மஞ்சளாக வேண்டும். இரண்டாவது குப்பி அப்படித்தான், வெள்ளிக்கிழமை ஊற்றியது, திங்கட்கிழமை எலுமிச்சை நிறம். முதல் குப்பியில் செல் இன்னும் அதிகம். அது மஞ்சளாகவில்லை. ஊற்றியதைவிடச் சிவந்திருந்தது. மனிதர் வாயில் இருக்கிற மைக்கோபிளாஸ்மா ஒரு வகை, புளிப்பை உண்டாக்காது, எதிராகத்தான் செய்யும், ஆரம்பத்தில் கொஞ்சமாக இருந்தால் சோதனைக்கும் தட்டுப்படாது என்று ஸுஹ்ரா தோம்லா ஒருநாள் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

இப்போது தலைமையில் இருப்பவன் தவ்ரோன். முப்பத்தேழு வயது, கொரியாவில் படித்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன், எப்போதும் அவசரம். அன்று பத்து மணிக்கு அவனே சின்ன அறை வாசலுக்கு வந்தான். அவனுடைய பழைய பேராசிரியர் வியாழக்கிழமை வருகிறாராம், இரண்டே நாள்தான் இருப்பாராம். பெரிய நுண்ணோக்கியில் மொஹிராவின் செல்லை வைத்துக் காட்ட வேண்டும், வியாழக்கிழமை காலையில் முதல் குப்பியைப் பெரிய அறைக்கு மாற்றிவிடுங்கள் என்றான். வியாழக்கிழமை முப்பத்தைந்தாம் நாள்தான் என்று அவள் சொன்னாள்.

“பதினாலாம் நாள் சுத்தம்னு வந்தாச்சே, ஓபா. செல்லுக்குச் சில்லா கிடையாது. அது குழந்தை இல்ல.”

“இல்லதான். குழந்தைன்னா காய்ச்சல் வந்தா அழுது சொல்லும்.”

அவன் சிரித்தான். நிறத்தைக் காட்டினாள். நோய்ப்பட்ட செல், பசி மந்தமாக இருக்கும் என்றான். இன்னொரு சோதனை செய்து பார்ப்போமே என்றாள். சோதனை மருந்து ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். புதியது வெளிநாட்டிலிருந்து வர ஜனவரி ஆகும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைச் செலவழிக்க முடியாது, விருந்தாளி கொண்டுவருகிற குப்பிக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதில் அவன்மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவன் பேச்சு நியாயம்தான். அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதை அவள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அந்த வருஷம் பென்ஷன்காரர்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்வழி உத்தரவு. கீழ்த்தளத்தில் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தத் தாள் தவ்ரோனின் மேஜை இழுப்பறையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. தட்டைத் திறந்து ஊதிய உதவியாளருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்.

சொல்லாமலும் இருக்கலாம். பிறகு பெரிய அறையில் என்ன வந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே இருந்த நூற்றுச்சொச்சம் குப்பிகளும் அவள் கையால் வளர்ந்தவை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவற்றின் முந்தின தலைமுறையைக் கொட்டிக் கழுவியதும் அதே கைதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மந்தி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டைக்கு மாவு திரட்டிக்கொண்டே தாலிப்பிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“இதை எடுத்துட்டுப் போ. அந்தப் பையன் கையில குடுத்துத் திறக்கச் சொல்லு. திறக்கும்போது சொல்லிடு.”

அவள் மாவுக் கையோடு அவர் தோளில் ஒன்று வைத்தாள். ஆனால் அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது. வேலை போனால் வீட்டோடு இருந்து உங்கள் உயிரை எடுப்பேன் என்று அவரை எச்சரித்துவிட்டு மந்தி மடிக்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை காலை தவ்ரோனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கமோலா என்கிற ஆராய்ச்சி மாணவி அங்கே உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளை வெளியே போகச் சொல்ல இனோபத்துக்கு மனம் வரவில்லை. எப்படியும் மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது. நின்றபடியே சொன்னாள். தோல் வந்த நாள், அந்த அம்மா கேட்டது, முதல் தட்டு, ஒரு விரல் மூடி, மூன்று தரம்.

தவ்ரோன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கமோலாவின் விரல்கள் நின்றுவிட்டன.

“நான் இங்க மாணவனா வந்த முதல் நாள், ஹூட்டுக்கு முன்னால தும்மினேன்னு ஒரு வாரம் என்னைக் கண்ணாடி கழுவ வெச்சது யாரு, ஓபா?”

“நான்தான், தோம்லா.”

“ஓதினீங்க, சரி. ஊதாம இருந்திருக்கலாமே.”

“ஊதாம ஓதினா அது பாதிதானே.”

கமோலா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். தவ்ரோன் சிரிக்கவில்லை. ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டான். பயமாக இருந்தது என்றாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த சோதனை மருந்தை எடுத்துவரச் சொன்னான். ஒரு தடவைக்கு மூன்று குழாய். இரண்டு குப்பிக்கும் ஒவ்வொன்று, பெரிய அறைக்கு ஒன்று. மதியம் தேநீர்கூடக் குடிக்காமல் மூன்று பேரும் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். நாலு மணிக்கு முடிவு வந்தது. முதல் குப்பியில் மைக்கோபிளாஸ்மா. இரண்டாவது சுத்தம். பெரிய அறை சுத்தம்.

தவ்ரோன் தன் அறைக்குப் போனான். முதல் குப்பியை இனோபத்தே ஒழித்தாள். வெளுப்புக் கரைசலை ஊற்றி, மூடி, நீராவிக் கலத்தில் வைத்து இறுக்கினாள். முப்பத்துநாலு நாள் வளர்த்தது. அதற்காக அவள் அழவில்லை. ஆனால் கையைக் கழுவ அன்றைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கொரியப் பேராசிரியர் வந்தார். பெரிய நுண்ணோக்கிக்குப் பதில் சின்ன அறையில் இருந்த பழைய நுண்ணோக்கியில், இரண்டாவது குப்பியை மூடியோடு வைத்துக் காட்டினான் தவ்ரோன். நாற்பது நாள் வழக்கத்தை அவன் எப்படி மொழிபெயர்த்தானோ, அந்த மனிதர் கதவில் இருந்த எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டார். தங்கள் ஊரிலும் பிள்ளை பிறந்தால் மூன்று ஏழுநாள் வாசலில் கயிறு கட்டுவோம், அந்நியர் உள்ளே வரமாட்டார்கள் என்றாராம். இருபத்தொரு நாள்தானா என்று இனோபத் கமோலாவிடம் கேட்டாள். கணக்கில் அவர்கள் கொஞ்சம் சிக்கனம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஸும்ரத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வாரா வாரம் கூப்பிடுவாள். குப்பியில் இருப்பது சுகமா என்று விசாரித்துவிட்டு, மொஹிரா சுகம் என்று சொல்வாள். இனோபத் மறைக்கவில்லை. ஒரு குப்பியில் கிருமி வந்தது, கொட்டிவிட்டோம், இன்னொன்று நன்றாக இருக்கிறது, அது போதும், மறுபடி தோல் வேண்டியதில்லை என்றாள்.

“நீங்க ஊதினது எதுல, ஓபாஜான்?”

“கொட்டினதுலதான்.”

“அப்படியா. அப்ப வந்த கண்ணெல்லாம் அதோட போயிடுச்சு. நல்ல வேளை ஊதினீங்க.”

இனோபத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் வாயிலிருந்துதான் கிருமி போனது என்று விளக்கப் போனால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்; கேட்டு முடித்த பிறகும் ஸும்ரத் இதையேதான் சொல்வாள். சரி, மொஹிராவுக்கு மாதுளை கொடு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பெரிய அறைக் கதவில் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. திறந்த குப்பியின் முன் பேசக் கூடாது, தும்மக் கூடாது என்கிற பழைய வரிகளுக்குக் கீழே, ஓதக் கூடாது, ஊதக் கூடாது என்று புதிதாக இரண்டு வரி. கீழே தவ்ரோனின் கையெழுத்து. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பதும் சிரிப்பை விழுங்குவதுமாக இருந்தார்கள். கமோலா மட்டும் நேரிலேயே, “ஓபா, நாளைக்கு எனக்குப் பரீட்சை, இந்தப் பக்கமா கொஞ்சம் ஊதுங்க, குப்பி மேல படாம” என்றாள். இனோபத் ஈரத் துணியால் அவளை ஒரு போடு போட்டாள். கேலி அவளை ஒன்றும் செய்யவில்லை. தவ்ரோன் அவளிடம் வேலைக்கு மேலே ஒரு வார்த்தை பேசாததுதான் உறுத்தியது. மேஜை இழுப்பறையில் தன் ஒப்பந்தத் தாள் அப்படியே கிடக்கிறதா என்று கமோலாவைக் கேட்கலாம். கேட்கவில்லை. பெரிய அறையின் குப்பிகள் வழக்கம்போல் திங்களும் புதனும் மஞ்சளாகின. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே வைத்தாள். இந்த மாதத்தோடு முடிந்தாலும் இவற்றைச் சுத்தமாகத்தான் ஒப்படைக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்குப் பாதிச் சோறு போட்டது.

நாற்பத்தோராம் நாள் புதன்கிழமை. மொஹிராவின் இரண்டாவது குப்பி சில்லா முடிந்து பெரிய அறைக்கு வந்தது. முப்பத்தெட்டாம் நாள் சோதனைக்கு மருந்து இல்லாததால், முப்பத்துநாலாம் நாள் செய்ததையே அதற்குப் பதிலாகக் கணக்கில் வைத்திருந்தார்கள். தொட்டில் விருந்து என்று கமோலா சம்சா வாங்கி வந்து நடையில் வைத்திருந்தாள்; வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. இனோபத் குப்பியை ஸ்பிரிட்டால் துடைத்து ஹூட்டுக்குள் வைத்து உட்கார்ந்தாள். செல்களைப் பெயர்த்து இரண்டு குப்பியாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் மொஹிராவின் செல் மட்டும், இன்னொன்றில் அதோடு பக்கத்து வீடாக நல்ல செல். மூடியைத் திறந்தாள்.

கதவு திறந்தது. தவ்ரோன் உள்ளே வந்து, அவள் முழங்கைக்குப் பக்கத்து மேஜையில் ஒரு தாளை வைத்தான். கடைக்கண்ணில் தெரிந்தது. ஒப்பந்தம், ஒரு வருஷத்துக்கு. அவன் பக்கத்துக் கையெழுத்து போட்டாகிவிட்டது.

அவன் போகவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினான்.

“ஓபா, என் சின்னவன் மூணு நாளா சரியா தூங்கறதில்ல. திடீர் திடீர்னு அழறான். டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். எங்கம்மா வேற நமங்கான்ல இருக்காங்க.” குரலைத் தாழ்த்தினான். “சாயங்காலம் போற வழியில எங்க வீட்டுக்கு வந்து, அவனுக்கு ஒரு தடவை ஊதிட்டுப் போறீங்களா?”

குப்பி திறந்திருந்தது. பிப்பெட் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. இனோபத் அது விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட அசைக்கவில்லை.

தவ்ரோன் காத்திருந்தான். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான், விரலை உதட்டில் வைத்துக்கொண்டான், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.